வாசலா, முகாமா, ஊர் வைத்தியசாலையா: புகலிடம் தேடி வருவோரின் உடல்நலத்தை எங்கே பார்ப்பது?

2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு அருகே ஒரு படகில் மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கிய மக்கள் வந்து சேர்ந்தார்கள். கரையோர மக்கள் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். அரசாங்கம் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்று, பின்னர் முல்லைத்தீவு மாவட்டத்தின் விமானப்படை முகாம் ஒன்றில் தங்கவைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2022 டிசெம்பரில், வடக்குக் கடலில் தத்தளித்த இன்னொரு படகில் இருந்தும் நூறு பேருக்கு மேல் கடற்படை மீட்டிருந்தது. இவர்களுக்கு முன்பே பாகிஸ்தானில் இருந்தும் ஆப்கானிஸ்தானில் இருந்தும் வந்து, ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையத்தில் பதிந்து, நீர்கொழும்பிலும் பாணந்துறையிலும் வாடகை அறைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. எனவே இவர்களுக்கு இங்கே நிரந்தர இடம் இல்லை. ஆனால் இங்கே இருக்கும் நாட்களில் அவர்களுக்குக் காய்ச்சல் வருகிறது, பிள்ளை பிறக்கிறது, கையில் கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோகிறது.

இம்மக்களின் உடல்நலத்தை வந்தவுடன் எப்படி மதிப்பிடுவது, அதன் பின்னர் யார் பொறுப்பேற்பது என்பதில் முடிவெடுப்பவர்களின் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நாட்டின் வாசலிலேயே ஒரு முறை பரிசோதித்து, தொற்றுநோய் இல்லை என்று கண்டபின் உள்ளே விடுவது. இரண்டாவது, அவர்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே அவர்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவ சேவையை நடத்துவது. மூன்றாவது, அவர்கள் வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் அரச வைத்தியசாலையிலும் ஊரில் உள்ள மற்றவர்களைப் போலவே அவர்களையும் பதிந்துவிடுவது. நுவரெலியா மாவட்டத்து அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த மூன்றில் எதுவும் புதிதல்ல. மலையகத் தமிழர்களாகிய எங்கள் மீது, இருநூறு ஆண்டு வரலாற்றில், இந்த மூன்று முறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்திப் பார்க்கப்பட்டிருக்கின்றன. எங்கள் முன்னோர் புகலிடம் கேட்டு வந்தவர்கள் அல்லர், தோட்ட வேலைக்கு அழைத்து வரப்பட்டவர்கள் என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும் வந்து இறங்கும் ஓர் உடலை ஒரு நாடு எந்தக் கண்ணால் பார்க்கிறது என்ற கேள்வி இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுவானது.

வாசலில் பரிசோதிக்கும் வழிக்கு எங்கள் வீடுகளில் இன்னும் நினைவில் இருக்கும் பெயர் மண்டபம். பாக்கு நீரிணையின் இந்தியக் கரையில் இலங்கை அரசாங்கம் நடத்திய அந்தத் தனிமைப்படுத்தல் முகாமில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தோட்டங்களுக்கு வந்தவர்களைச் சில நாட்கள் தடுத்து வைத்து, உடுதுணிகளைக் கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்திய பின்னரே தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். அதற்கு முந்திய தலைமுறையினர் மன்னாரில் இருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தபோது வாந்திபேதியால் வழியெங்கும் மடிந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த முகாம் உயிர்களைக் காத்த ஏற்பாடு என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதன் நோக்கம் வாந்திபேதியும் பெரியம்மையும் தீவுக்குள் நுழையாமல் தடுப்பது. வந்தவரின் உடல் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்பது அந்த நோக்கத்துக்குள் அடங்கவில்லை. அதே மண்டபத்தில்தான் 1980களில் இருந்து இலங்கையில் இருந்து தப்பிச் சென்ற தமிழர்கள் அகதிகளாகத் தங்கவைக்கப்பட்டார்கள் என்பதையும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய குடும்பங்களும் அங்கேதான் கொண்டு செல்லப்பட்டன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வாசலில் செய்வது மட்டும் போதாது என்பதற்கு மாத்தளையே சான்று. 1916இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, தொழிலாளருக்குப் பெருமளவில் மருந்து கொடுத்தது. கழிப்பறை இல்லாத லயங்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருந்து வெறுங்காலுடன் வெளியே வந்து அதே மண்ணை மிதித்தவர்களுக்குப் புழு மீண்டும் தொற்றியது. நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது ஒரு வேலை, அந்த மனிதர் வாழும் இடத்தைப் பொறுப்பேற்பது வேறொரு வேலை என்பது அப்போதுதான் அதிகாரிகளுக்குப் புரிந்தது. 1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டதில் இந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு. இன்று நாடெங்கும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அதன் வழிவந்தவை. மூன்றாவது வழி என்று நான் மேலே சொன்னதன் வேர், முதலாவது வழி எங்கள் தோட்டங்களில் கண்ட தோல்வியிலும் இருக்கிறது என்பதால்தான் இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

வாசல் பரிசோதனையின் இன்றைய வடிவம் இலங்கைக்குப் பழக்கமானதே. வதிவிட விசா கோரும் வெளிநாட்டவரை மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. ஆகிய நான்குக்கும் பரிசோதிக்கும் ஏற்பாடு 2019இல் தொடங்கியது. இதன் பின்னால் உள்ள கவலை நியாயமானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. யானைக்கால் நோயை ஒழித்ததற்கான அங்கீகாரமும் அதே ஆண்டில் கிடைத்தது. அத்தனை பாடுபட்டுப் பெற்றதை இழக்கக் கூடாது என்று சுகாதாரத் துறையினர் எண்ணுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கவலைக்கே கூட ஒரு நாள் பரிசோதனை போதுமான பதில் அல்ல. ஒரு வகை மலேரியாவின் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பின்னர் எழும்; வந்திறங்கிய அன்று எடுக்கும் இரத்தத்தில் அது தெரியாது. காசநோய்த் தொற்று உள்ளவருக்கு அன்றைய எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். நோய் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெளிப்படலாம். மேலும், நான்கு நோய்களைத் தேடும் பட்டியல் வந்தவரின் நோய்களைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் முகாம்களில் உள்ள ரோஹிங்கியரிடையே 2023இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்று செயல்நிலையில் இருப்பது தெரியவந்தது. குணப்படுத்தக்கூடிய, கவனிக்காவிட்டால் ஈரலைத் தின்றுவிடும் அந்த நோய் நமது பட்டியலில் இல்லை.

வாசலில் கூட்டமாக நிறுத்திவைப்பதே நோயைப் பரப்பும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் மான்ஸ்ரன் என்ற வரவேற்பு நிலையம் 1,600 பேருக்கென அமைந்தது. 2022 ஒக்டோபர் இறுதியில் அங்கே ஏறத்தாழ 4,000 பேர் அடைபட்டிருந்தார்கள். தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) அங்கிருந்தவர்களிடையே காணப்பட்டது. அந்நோய் கண்ட ஒருவர் நவம்பரில் வைத்தியசாலையில் இறந்தார். தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய் அது.

இரண்டாவது வழியான முகாம் மருத்துவ சேவையை நாங்கள் தோட்ட டிஸ்பென்சரி என்ற பெயரில் அறிவோம். அதன் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். லயத்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் அது இருந்தது. டிஸ்பென்சர் ஐயாவுக்குத் தமிழ் தெரியும்; யார் வீட்டில் யாருக்குச் சீனி வியாதி, எந்தப் பிள்ளைக்கு இழுப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரவில் பிரசவ வலி எடுத்தால் கதவைத் தட்டலாம். ஊர் வைத்தியசாலைக்குப் போக ஒரு நாள் பேரை (நாட்கூலியை) இழக்க வேண்டிய தொழிலாளிக்கு இந்த அருகாமை பெரிய விடயம். புதிதாக வந்து, வெளியே போக அனுமதி இல்லாமல், பஸ் காசும் இல்லாமல் இருக்கும் ஒரு குடும்பத்துக்கும் அது அவ்வாறே இருக்கும்.

ஆனால் அந்த டிஸ்பென்சருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். காய்ச்சல் என்று போனவருக்கு எத்தனை நாள் ஓய்வு எழுதுவது என்பதில் நோயின் அளவோடு பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) எத்தனை கை குறைகிறது என்ற கணக்கும் கலந்திருந்தது. வெளி வைத்தியசாலைக்குப் போகத் தோட்டத்து லொறி வேண்டுமானால் முதலில் நிர்வாகத்திடம் அனுமதித் துண்டு வாங்க வேண்டும் என்றிருந்த காலத்தை என் தாய் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் குற்றம் சாட்டுவது எந்தத் தனி மனிதரையும் அல்ல. நோயாளிக்கும் மருந்துக்கும் இடையில் மருத்துவர் அல்லாத ஒருவரின் கையெழுத்து நின்றதைத்தான். முகாம் மருத்துவ சேவையில் இதே ஆபத்து இருக்கிறது. முகாமை நடத்துபவர் எவரோ, படையினரோ தொண்டு நிறுவனமோ, அவருக்குப் பதில் சொல்லும் மருத்துவர் நோயாளியின் பக்கம் முழுமையாக நிற்பது கடினம். இரண்டாவது குறை, தனிச் சேவை தனிக் கணக்கில் கிடப்பது. தோட்டத்துப் பிறப்பும் இறப்பும் நோயும் நீண்ட காலம் தேசிய சுகாதார சேவையின் நேரடிக் கவனத்துக்கு வெளியே இருந்ததால்தான், நாட்டின் ஏனைய பகுதிகளில் தாய்–சேய் மரணங்கள் வேகமாகக் குறைந்தபோது எங்கள் பகுதி பின்தங்கி நின்றது. மூன்றாவது குறை பணம். நன்கொடை தீர்ந்தால் சேவையும் தீரும். நோயாளி மட்டும் மிஞ்சுவார்.

ஆகவே இரண்டாவது வழியை நான் முற்றாக ஒதுக்கவில்லை. அதற்கு ஒரு கால எல்லை வைக்க வேண்டும் என்கிறேன். நூறு பேர் ஒரே படகில் நீரிழப்போடும் சிரங்கோடும் வந்து இறங்கினால், அவர்களை அடுத்த நாள் காலை ஊர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் நிறுத்துவது அவர்களுக்கும் ஊராருக்கும் கொடுமை. முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நடமாடும் மருத்துவக் குழு அவர்கள் இருக்கும் இடத்துக்கு வருவதே சரி. அந்தக் குழு மாகாண சுகாதாரத் திணைக்களத்தில் இருந்து வர வேண்டும், பதினைந்தாம் நாள் நோயாளிகளின் பெயர்ப்பட்டியலை சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது வழியில் என்ன கிடைக்கிறது என்பதை மலையகத்தில் வேலை செய்தவர்கள் நேரில் கண்டிருக்கிறோம். 1990களில் இருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர், குடும்பநல மருத்துவமாது லயத்துக்குள் வரத் தொடங்கினார். கர்ப்பிணிக்கு ஒரு பதிவேடு, குழந்தைக்கு ஒரு வளர்ச்சிப் பதிவேடு, தடுப்பூசிக்கு ஒரு திகதி, தவறினால் வீடு தேடி வரும் ஒரு மனிதர். காசநோய் என்றால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் மருந்தை இலவசமாகக் கொடுப்பதோடு, ஒரே அறையில் படுத்தவர்களையும் அழைத்துப் பார்க்கிறது. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட கட்டடம், முன்பு கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்பப்பட்ட எத்தனையோ நோயாளிகளை ஹற்றனுக்கு அருகிலேயே பார்க்க வழி செய்தது. இந்தச் சேவைகள் எல்லாம் ஏற்கெனவே இருப்பவை. புகலிடக் கோரிக்கையாளருக்காகப் புதிதாகக் கட்ட வேண்டியவை அல்ல. அரச வைத்தியசாலையின் கதவு இன்றும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. இல்லாதது பதிவு. வருத்தம் முற்றிய பின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து ஒரு சீட்டில் மருந்து வாங்கிப் போகும் ஒருவர், அடுத்த மாதம் வராவிட்டால் யாரும் தேடுவதில்லை. இப்போது நடப்பது இதுதான். இதை நான்காவது வழி என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழியின் பெருங்குறை மொழி. இதை நான் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோக முடியாது. 1987இல் தமிழும் அரசகரும மொழி ஆயிற்று. ஆனால் அதற்குப் பின்னரும் எங்கள் பகுதி வைத்தியசாலைகளில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் சிங்களம் மட்டும் தெரிந்த மருத்துவருக்கும் நடுவே நின்று பேசியவர் பெரும்பாலும் ஒரு சிற்றூழியர், அல்லது பாடசாலைக்குப் போகாமல் கூட வந்த பிள்ளை. நான் வேலை செய்த ஓர் இடத்தில், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாய்க்காகப் பேசினாள். தாய்க்கு அடிவயிற்று வலியோடு இரத்தப்போக்கும் இருந்தது. அதை மகளிடம் சொல்லத் தாய்க்குக் கூச்சம். சொன்ன சிறிதளவையும் அந்நிய ஆண் ஒருவரிடம் எடுத்துச் சொல்லப் பிள்ளைக்குக் கூச்சம். மருத்துவரின் காதில் விழுந்தது வயிற்று வலி மட்டுமே. மருந்துச் சீட்டு என் கைக்கு வந்தபோது அதில் இரைப்பைப் புண்ணுக்கான மாத்திரை எழுதியிருந்தது; நானும் அதையே எண்ணிக் கொடுத்தேன், ஒரு வார்த்தை தமிழில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மூன்றாம் நாள், கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்த நிலையில் அந்தத் தாயைத் தூக்கி வந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

தமிழும் சிங்களமும் பேசும் ஆயிரக்கணக்கானோர் வாழும் மாவட்டத்திலேயே இப்படி நடந்தது என்றால், ரோஹிங்கிய மொழியோ டாரியோ பஷ்தூவோ மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் முகாம் சேவைக்கு ஒரு சாதகம் இருப்பது போலத் தோன்றும்: ஒரே மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும். ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளரும் அதே முகாமில் வாழ்பவராக இருந்தால், வன்புணர்ச்சியையோ எச்.ஐ.வி. தொற்றையோ எந்தப் பெண் அவர் வாயிலாகச் சொல்வார்? அவுஸ்திரேலியா 1973இல் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. இன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் மருத்துவர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அழைத்துப் பேச முடிகிறது. தொலைபேசியில் இருப்பவருக்கு நோயாளியின் முகமும் ஊரும் தெரியாது என்பது இங்கே குறை அல்ல. அகதிகளுக்கான உயர் ஆணையம் பதிவின்போது பயன்படுத்திவந்த மொழிபெயர்ப்பாளர்களைத் தொலைபேசி வழியாக வைத்தியசாலைகளுக்கும் ஒழுங்கு செய்தால், முல்லைத்தீவில் ஆனாலும் பதுளையில் ஆனாலும் ஒரே சேவை எட்டும். மூன்றாவது வழியைத் தேர்பவர்கள் இந்தச் செலவை மறைக்காமல் கணக்கில் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பு இல்லாத மூன்றாவது வழியைவிட, மொழி தெரிந்த ஒரு முகாம் தாதியே மேல் என்பது என் கருத்து.

செலவைப் பற்றிய பேச்சு வரும்போது, எல்லோருக்கும் முழுச் சேவை கொடுக்க நாட்டிடம் பணம் இல்லை, அவசரத்துக்கு மட்டும் பார்ப்போம் என்ற வாதம் வரும். 2022க்குப் பின்னர் மருந்துத் தட்டுப்பாட்டை மருந்தறைக்குள் நின்று பார்த்த எவரும் இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் செல்வந்த நாடுகள் இரண்டு இதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஜேர்மனி 1993இல் இயற்றிய சட்டத்தின்படி, புகலிடக் கோரிக்கையாளருக்கு ஆரம்ப காலத்தில் கடும் நோய், வலி, மகப்பேறு ஆகியவற்றுக்கே சிகிச்சை என்பது பொது விதி. பல இடங்களில் மருத்துவரிடம் போவதற்கு முன் சமூகநல அலுவலகத்தில் ஒரு சீட்டு வாங்க வேண்டும். என் தாய் சொன்ன துண்டுதான் அது. பிறேமன் நகரம் 2005இலும் ஹம்பேர்க் 2012இலும் அந்தச் சீட்டைக் கைவிட்டு, ஏனைய குடிமக்களிடம் இருப்பது போன்ற காப்புறுதி அட்டையை முதலிலேயே கொடுத்தன. சேவை கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கான தலைக்குரிய மருத்துவச் செலவு, முழுச் சேவை பெற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது என்பதை, இருபது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஜேர்மன் ஆய்வு ஒன்று காட்டியது. கனடா 2012இல் அகதிகளுக்கான மருத்துவக் காப்பைக் குறைத்தது. 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைக் கொடூரமான நடத்தை என்று தீர்த்தது. 2016 ஏப்ரலில் காப்பு முழுமையாக மீட்கப்பட்டது. தவிர்த்த மருந்தின் விலை அவசர சிகிச்சைப் பிரிவில் பன்மடங்காகத் திரும்பி வரும் என்பதை ஒரு நீரிழிவு நோயாளியின் காலைக் காப்பாற்றத் தவறிய எந்த விடுதியும் அறியும்.

சுவிற்சர்லாந்தின் அனுபவம் வேறு வகையில் பயனுள்ளது. எங்கள் மலையகப் பிள்ளைகள் உட்பட ஏராளமான இலங்கைத் தமிழர்கள் அந்த நாட்டின் வரவேற்பு நிலையங்கள் வழியாகச் சென்றவர்கள். அங்கே வந்தவர் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்த முறையை 2006இல் கைவிட்டு, நாடு, அறிகுறி, முன்னைய நோய் ஆகியவற்றைக் கேட்டு அறிந்து, தேவையானவரை மட்டும் எக்ஸ்ரேக்கு அனுப்பும் முறைக்கு மாறினார்கள். எக்ஸ்ரே இயந்திரம் அரிதாக உள்ள நமது மாவட்டங்களுக்கு இது பொருந்தும். ஆனால் கேள்வி கேட்கும் முறை மொழியையும் நம்பிக்கையையும் சார்ந்தது. இருமல் இருக்கிறது என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுபவர் இருமலை மறைப்பார்.

அந்த அச்சம் அடிப்படையற்றதல்ல என்பதால், மருத்துவக் குறிப்பு யாருடைய கைக்குப் போகும் என்பதை முதல் கேள்விக்கு முன்னரே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். குடிவரவு அதிகாரியின் கோப்பிலும் மருத்துவரின் கோப்பிலும் ஒரே தாள் இருக்கக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, நோயாளியே கேட்கும்போது. உடலில் உள்ள வடுக்கள் சித்திரவதைக்குச் சான்றாகக் கூடும். 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை அவற்றை எப்படிப் பதிவு செய்வது என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிறது. 2019இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், இலங்கைத் தமிழர் ஒருவரின் புகலிட வழக்கில், தீக்காய வடுக்கள் பற்றிய மருத்துவ அறிக்கையை எவ்வாறு மதிக்க வேண்டும் என்று ஆராய்ந்து, கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை விலக்கி வைத்தது. வந்த முதல் வாரங்களில் ஒரு மருத்துவர் கவனமாக எழுதிவைக்கும் நான்கு வரி, பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கலாம். வாசலில் பத்து நிமிடத்தில் நடக்கும் பரிசோதனையில் அந்த நான்கு வரிக்கு இடமே இராது.

எனது தேர்வு மூன்றாவது வழி. ஆனால் அதன் முதல் இரண்டு வாரங்களை இரண்டாவது வழியிடம் இரவல் வாங்கி, வாசல் பரிசோதனையை அதற்குள் ஒரு சிறு பகுதியாகச் சுருக்கிவிட வேண்டும். முதல் மூன்று நாட்களில் உயிராபத்து, காய்ச்சல், இருமல், கர்ப்பம், பால்குடிப் பிள்ளை, தீர்ந்துபோன மருந்து ஆகியவற்றை மட்டும் பார்க்கலாம். மலேரியாவுக்கான இரத்தப் பூச்சும் அப்போதே எடுக்கலாம். மூன்று நான்கு வாரங்களில், உறங்கி உண்டு சற்றுத் தெளிந்த பின், வந்த நாட்டுக்கு ஏற்றபடி ஹெபடைட்டிஸ், காசநோய், இரத்தச்சோகை, விடுபட்ட தடுப்பூசிகள், பல், கண் ஆகியவற்றுக்கான முழு மதிப்பீடு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் நடக்க வேண்டும். மனத்தின் காயத்தை முதல் நாளில் கேட்டால் பதில் வராது. மூன்றாம் மாதத்தில், ஏற்கெனவே நான்கு முறை பார்த்துப் பழகிய ஒரு முகம் கேட்டால் வரலாம். ஒரே குழு திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் அது.

ஒரு சிறு பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அகதி முகாமில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் தோட்டத்து உறவினரிடம் திரும்பி வந்த ஒரு பெரியவர், கைப்பையில் இருந்து பொலித்தீனில் சுற்றிய ஓர் அட்டையை என் முன்னால் வைத்தார். காசநோய்க்கு அங்கே மூன்று மாதம் மருந்து எடுத்திருந்ததும், எந்த மருந்து, எந்த அளவு, எந்தத் திகதி வரை என்பதும் அதில் இருந்தன. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் நான்காம் மாதத்தில் இருந்து தொடர்ந்தது. ஒரு நாள் மருந்தும் தவறவில்லை. வந்து இறங்கும் ஒவ்வொருவரின் கையிலும் அத்தகைய ஒரு கிளினிக் கொப்பி கொடுக்கப்பட வேண்டும். இங்கிருந்து மூன்றாவது நாடொன்றுக்கு அவர் அனுப்பப்பட்டாலும் அது அவரோடு போக வேண்டும். அதன் முதல் பக்கத்தில் பெயருக்கு அடுத்த வரியாக, நீங்கள் வழமையாக எடுக்கும் மருந்து என்ன, இன்னும் எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி அவருடைய மொழியிலும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டிருந்தால், என்னைப் போல மருந்தறை ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர் அன்றைக்கே தன் வேலையைத் தொடங்கிவிடலாம்.